நாலு படி மேலே

ஒலக்கூர்
2-4-2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம் சொல்லி, கொஞ்சம் கோபத்தோடும் அதைவிட அதிக ஆசையோடும் வேணி எழுதுவது. நானும் பாப்பாவும் அத்தையும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? தோகாவில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். தண்ணீர் குடிக்காமல் கிரேன் மேலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன மாதம் பத்தாம் தேதி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். டிக் இரண்டும் அன்றைக்கே நீலமாகிவிட்டது. பக்கத்தில் இருக்கிற மைக் படம் மட்டும் இன்னும் நீலமாகவில்லை. மெசேஜைப் பார்த்தீர்கள், பாட்டைக் கேட்கவில்லை. அதுகூடத் தெரியாத மக்கா நான்? போனில் பேச்சை எடுத்தால் டூட்டி என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உங்கள் அறையில் தங்கும் அமீர் பாட்சா பாய் லீவில் வந்திருக்கிறார், பெருநாள் முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்காரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்ததிலிருந்து தானும் கடலைக் கொல்லைக்கு வருவதாக ஒரே அடம். வேண்டாம் என்றால், "எந்தக் கொல்லையில எவ்ளோ காய் சிந்தும்னு எனக்குத் தெரியும், உனுக்கு இன்னா தெரியும்" என்கிறார். பாப்பாவுக்கு முழுப் பரீட்சை வருகிறது. இரண்டாம் வகுப்புக்கு இவ்வளவு பாடமா என்று இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் சபை ஆண்டுவிழாவில் நீங்கள் எழுதி மெட்டமைத்த மல்லாட்டைப் பாட்டை முதல்முறையாகப் பாடினீர்கள். சரணத்தில் குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் சின்னதுரை ஐயா எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை எடுத்துவிட, நீங்கள் மேடையை விட்டு இறங்கிவிட்டீர்கள். அதன் பிறகு கீபோர்டைத் தொடவே இல்லை. விமானம் ஏறிய அன்றைக்கு என்னிடம் வாக்கு வாங்கினீர்கள். கர்த்தரே வேண்டாம் என்று தள்ளின பாட்டு, நீயும் பாடாதே, நோட்டை எரித்துவிடு என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். நோட்டை எரிக்கவில்லை, அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். இப்போது பாடாதே என்ற வாக்கையும் மீறிவிட்டேன். விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் அந்தப் பாட்டை ரிக்கார்டிங் செய்து, யூடியூபில் போட்டாயிற்று. திட்டுவதாக இருந்தால் இந்த இடத்திலேயே திட்டி முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஞாயிறுதோறும் நம் சபையில் நான்தான் ஆராதனை நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நானாகக் கட்டிய பாட்டு மூன்று இருந்தது. சகோதரிகள் எல்லாரும் அதை ரிக்கார்டிங் செய் என்று அரித்து எடுத்தார்கள். கம்பெனி, கேசட்டு என்று யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம், இப்போதெல்லாம் நாமே போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். விழுப்புரம் ரயிலடிப் பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் கோகுலகிருஷ்ணன் என்று ஒரு தம்பி ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஐயப்பன் பாட்டு, கட்சிப் பாட்டு, எல்லாம் அங்கேதான். எந்த ரயில் எப்போது ஊதும் என்று அவருக்கு மனப்பாடம். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்குவார், வைகை போகட்டும் என்பார், போன பிறகு விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும்.

முதல் நாள் என் மானம் போனது. ஆராதனையில் கண்ணை மூடி ஆடிப் பாடிய பழக்கம், மைக் ஒரு பக்கம் இருக்க நான் ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் வாய் தானாக ஸ்தோத்திரம் சொல்கிறது. "அக்கா, பாட்டை விட ஸ்தோத்திரம் ஜாஸ்தியா ரெக்கார்டு ஆவுது, கட் பண்ணிக்கினே இருந்தா விடிஞ்சிடும்" என்று அந்தத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் என் கால் இரண்டுக்கும் பக்கத்தில் செங்கல் வைத்து நிற்கவைத்தார். இருந்தாலும் நல்ல பிள்ளை. கூட வந்த சகோதரிகளும் நானும் ஜெபம் செய்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

என் மூன்று பாட்டும் முடிந்த பிறகும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. எந்தத் தைரியத்தில் செய்தேனோ, பையிலிருந்து உங்கள் நோட்டை எடுத்தேன்.

மண்ணைக் கிளறி மல்லாட்டை
சிந்தினதைப் பொறுக்க வந்தேன்
விரட்டாமல் நின்றவரே
சொந்தமென்று சொன்னவரே

அத்தை அடுத்தவர் கொல்லையில் சிந்தின காயைப் பொறுக்கி உங்களை வளர்த்த கதையல்லவா அது. உங்கள் சுருதியில் பாடிப் பார்த்தேன். எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. தம்பி சுருதியை ஒரு படி ஏற்றினார், இரண்டு ஏற்றினார், மூன்று ஏற்றினார். நாலாவது படியில் வைத்ததும், "மடி நிறைத்தீரே" என்று சரணம் மேலே போகிறதே, அந்த இடம் அப்படியே எழும்பிக்கொண்டு போனது. தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்தே நின்றுவிட்டார். அப்போது திரையில் நாலு என்ற எண்ணைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு பிடித்துப்போய் அழுகிறேன் என்று தம்பி நினைத்துக்கொண்டார். உண்மையான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

யூடியூபில் பாட்டுக்குக் கீழே "பாடல், இசை: இனியவன், ஒலக்கூர்" என்று போட்டிருக்கிறேன். முதல் வாரம் பார்த்ததெல்லாம் நம் சொந்தக்காரர்கள்தான், அதிலும் பாதி அத்தை ஒருவரே பார்த்தது. பிறகு எப்படிப் பரவியதோ தெரியாது. மயிலத்தில் பாடுகிறார்களாம், விக்கிரவாண்டியில் பாடுகிறார்களாம் என்று செய்தி வந்தது. யாரோ ஒரு சகோதரி கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டே பாடி வீடியோ அனுப்பினாள்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஆராதனை வைத்தார்கள். என்னை நடத்தக் கூப்பிட்டார்கள். அவ்வளவு ஜனத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் பாட்டைப் புதுப்பாட்டு என்று சொல்லி, வரி வரியாகக் கற்றுக்கொடுக்கத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். முதல் வரியை நான் பாடினேன். இரண்டாவது வரியை மண்டபம் பாடிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்னே பாடுகிறார்களே! கற்றுக்கொடுக்க ஒன்றும் பாக்கி இல்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். சரணம் வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார், கொல்லையில் காய் பொறுக்கும்போது பிடிப்போமே, அந்த மாதிரி. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள், கடைசியில் மண்டபத்துப் பெண்கள் எல்லாருமே முந்தானையை விரித்துக்கொண்டு "மடி நிறைத்தீரே" என்று பாடினார்கள். எத்தனை தடவை பாடினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நாலாவது படிச் சுருதியில் ஒருத்திக்கும் குரல் உடையவில்லை. ஜெயித்துவிட்டீர்கள்! இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை நாற்காலியில் உட்காரவே இல்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் எல்லாம், "என் புள்ள எழுதினது, அந்தக் காய் பொறுக்கினவ நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்ததும் சின்னதுரை ஐயா மைக்கைக் கேட்டு வாங்கினார். "இந்தப் பாட்ட எழுதினது எங்க சபை தம்பி இனியவன். மூணு வருஷம் முன்ன அவன் பாடிக்கினு இருக்கும்போது நடுவுல நிறுத்தினவன் நான். பாட்டு நல்லாத்தான் இருந்தது, எனக்குத்தான் பொறுமை இல்ல. கர்த்தரும் தம்பியும் என்னை மன்னிக்கணும்" என்றார். அத்தனை ஜனத்துக்கு முன்னால் அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அல்லேலூயா என்று கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

ஏன் என்றால் பழி ஐயாவுடையது இல்லை, உங்களுடையதும் இல்லை. அது என்னுடையது. நம் பக்கத்துக் கீபோர்டுக்காரர்கள் எல்லாரையும் போல நீங்களும் எந்தப் பாட்டையும் ஒரே இடத்தில் விரல் வைத்துத்தான் வாசிப்பீர்கள். சுருதியை ஏற்றவும் இறக்கவும் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான். ஆண்டுவிழா அன்று காலையில் சகோதரிகளின் விசேஷப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்தோம். எங்கள் குரலுக்குத் தக்கபடி அந்தப் பொத்தானை அழுத்தி நாலு படி ஏற்றியவள் நான். திரும்ப இறக்க மறந்துபோனேன். அதற்குள் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதற்றத்தில் நீங்களும் பொத்தானைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவந்து சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பயந்து, கையில் தாளத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். நீங்கள் இறங்கிப் போன பிறகு, கீபோர்டை மூடுகிற சாக்கில் பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான். அன்று சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். நாள் ஆக ஆக வாய் வரவில்லை. கர்த்தர் தள்ளிவிட்டார் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், தள்ளினது அவர் இல்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கர்த்தருக்கு உங்கள் பாட்டின் மேல் எந்தக் கோபமும் இல்லை. உங்கள் தொண்டையிலும் குறை இல்லை. அது பெண்கள் பாடுகிற சுருதி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று உங்களுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பக் கோட்டக்குப்பத்தில் பாய் வீட்டுக்குப் போயிருந்தோம். அமீர் பாய் மனைவி நாசியா பெருநாள் சேமியா கொடுத்தார். பாப்பா சாப்பிட்டுவிட்டு சும்மா இருப்பாளா, அப்பா பாட்டு என்று பாட ஆரம்பித்தாள். பாய் திடுக்கிட்டுப் போனார். "இன்னாம்மா இது, நம்ம இனியவன் தெனம் குளிக்கும்போது பாடற பாட்டாச்சே! ஜல்தியா வெளிய வாய்யான்னு கதவத் தட்டினா நிறுத்திடுவான்" என்கிறார். அப்படியா சேதி? எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தேன், பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் லீவை வருஷா வருஷம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள் என்றும் பாய் சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. கீபோர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பொத்தான் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். இந்த வருஷம் இல்லாவிட்டாலும், வருகிறபோது உங்கள் சுருதியிலேயே பாடுங்கள். எனக்குக் கிணற்றுக்குள் இருப்பதுபோல்தான் இருக்கும், பரவாயில்லை, நான் இறங்கி வந்து கூடப் பாடுவேன்.

மன்னித்தேன் என்று பதில் எழுத வேண்டாம். திட்டிப் போன் செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன். முதலில் அந்த வாய்ஸ் மெசேஜைத் திறந்து, உங்கள் பாட்டை ஒரு தடவை முழுவதும் கேளுங்கள். மைக் படம் நீலமானால் எனக்கு அது போதும்.

உங்களை வெயிலிலும் உயரத்திலும் காக்கிற தேவன், உங்கள் கையையும் குரலையும் ஆசீர்வதித்து, உங்களைப் பத்திரமாக நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பாராக. ஆமென்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் வேணி