இனி மூட்டுவதில்லை என்ற சொல் குறித்துச் செங்குன்ற வேந்தருக்கு

மழை வாழ்க, மழையை மறந்தோரும் வாழ்க. அலையை வேலியாகக் கொண்ட கழிமுக நாட்டின் காவலி, மூன்று துறைகளுக்கு உரியவள், வெண்சங்க நாச்சியார் எழுதுவித்த திருமுகம். முந்நூறு இரும்புலைகளின் தலைவரும், செங்குன்ற நாட்டின் கோவும், ஒரே செவிலியிடம் எம்மோடு பாலுண்டவருமான அண்ணனார் எயினவேள் காண்க. தங்கள் மலையும் மக்களும் நலமே வாழ்க. இங்கு நலமில்லை.

தங்கள் உலைகளுக்குக் கரி வேண்டி ஐந்து தலைமுறையாகக் குன்றுக் காடுகள் வெட்டுண்டன. புகை வானை மூடிற்று. மழை முறை தவறிற்று. வெயிலும் கடலும் ஏறின. இதை யாம் சொல்லவில்லை. இரு நாட்டுக் கணியரும் கூடியிருந்து சொன்னார்கள். அதன்பேரில் மூன்றாண்டுகளுக்கு முன் எல்லைக் கோயிலில், இனி இரு நாட்டாரும் உலையோ சூளையோ மூட்டுவதில்லை என்று உடன்படிக்கை எழுதினோம். மூட்டுவதில்லை என்றால் எரிகின்றவற்றை அவிப்பதும் அதில் அடங்குமோ என்று எம் அமைச்சர் ஐயுற்றார். அண்ணன் சொல்லை ஆராய்வது அழகன்று என அவரை அமர்த்தி முத்திரை இட்டவள் யாமே. அந்தப் பேதைமை எம்முடையது.

எம் நாற்பது சூளைகளையும் அன்றே அவித்தோம். பின்னர்ப் புன்னைவாயில் ஊரின் கிணறெல்லாம் உப்பாயிற்று. மூன்று காதம் நடந்து நன்னீர் சுமக்கக் குடம் வேண்டுமென்று தத்தை என்னும் குயத்தி வந்து கேட்க, ஒரே ஒரு சூளையை மூட்ட இசைந்தோம்.

இன்று தங்கள் தூதர் எம் அவையில் நின்று உரைத்தது இது: செங்குன்றத்து உலைகள் தங்கள் பாட்டனார் காலம் முதல் ஒருநாளும் அணைந்ததில்லையாம், அணையாததை மூட்டுவது எங்ஙனம், ஆதலால் தாங்கள் சொல் தவறவில்லையாம், குடத்துக்குச் சூளை மூட்டிய நாங்களே மீறியவர்களாம். அவித்தவர் குற்றவாளி, எரித்துக்கொண்டே இருப்பவர் உத்தமர்.

இப்போது கடல் புன்னைவாயிலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. தன் சூளைப் புகைதான் கடலை ஊருக்குள் அழைத்ததோ என்று தத்தை எம்மிடம் கேட்டாள். இரு நாடும் புகைத்தது மெய். ஒரே அளவு புகைத்தோம் என்பது பொய். இதை அவளுக்கு விளக்க வேண்டியவர் தாங்கள்.

உலைகளில் பாதியையேனும் அவியுங்கள், ஊர் இழந்தவர்க்கு மேட்டில் இடம் தாருங்கள் என்று இருமுறை வேண்டினோம். உடன்படிக்கை மீறியவர்க்கு எல்லை திறவாது என்று அத்தூதர் வாயிலாகவே விடை வந்தது. இனி வேண்டுதல் இல்லை. எம் மக்களுக்கு யாம் இட்ட ஆணையைத் தாங்களும் அறிக.

பங்குனி முதல் நாள் புன்னைவாயிலின் நானூறு குடியும் மலைப்பாதை ஏறும். தத்தையின் சூளையை நாங்கள் இன்னும் அவிக்கவில்லை. குடிக்கு ஒரு சட்டியாக அதன் நெருப்பை ஏந்தி, வழியெல்லாம் அணையாது காத்து வருவோம். தங்கள் மண்ணில் எவரும் எதையும் மூட்டமாட்டார். ஆகவே தங்கள் சொற்படியே மீறியவர் எவருமில்லை. முதற்சட்டி எம் கையில் இருக்கும். வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் தங்கள் பொறுப்பு.

உடன்படிக்கையில் இட்ட அதே சங்கு முத்திரையை இவ்வோலையிலும் இட்டோம். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் படித்துவிட்டு இட்டோம்.