மூன்றாம் வளைவுக் கோபுரம்

பாஸ்டன், 6 ஜூன் 1948

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? எனக்கு வேலை கிடைத்துவிட்டது. குதிரை வண்டிப் பந்தயத் திடலில், மூன்றாம் வளைவுக் கோபுரத்தின் மேல் நின்று சினிமா கேமராவில் ஓட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும். புகார் வந்தால் நடுவர்கள் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். காற்றில் கோபுரம் ஆடுகிறது, நான் ஆடுவதில்லை.

உங்கள் வெர்னா

மேய்ன், 13 ஜூன்

மகளே,

முப்பது வருஷமாகக் கடிவாளம் பிடிக்கிறேன், என் மேல் ஒரு புகார் கிடையாது. கடைசியில் அப்பனை வேவு பார்க்க மகளையே மேலே ஏற்றிவிட்டார்கள். உன் அம்மாவோ அவரைக்கொட்டை வேகும் பானையைக் கிளறிக்கொண்டே, "அவ ஒழுங்காத்தான் பாப்பா, நீங்க ஒழுங்கா ஓட்டுங்க" என்கிறாள். ஜூலையில் நம் குதிரை பிராம்பிளோடு அங்கே ஓட வருகிறேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அப்பா, ஆரின்

பாஸ்டன், 19 ஜூலை

அப்பா,

புகாருக்குத் தீர்ப்பு வரும்வரை ஓட்டுநர்களோடு படம் பிடிக்கும் நாங்கள் பேசக்கூடாது. இனி எழுதலாம்.

பிராம்பிள் என் வளைவில் நடை தவறி நாலுகால் பாய்ச்சலில் போனாள். நடை தவறினால் வெளிப்பக்கம் ஒதுங்கி மற்ற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. நீங்களோ, "ஒதுங்கினேன், பின்னால் ஓட்டி வந்த ஹோலிஸ்தான் என் சக்கரத்தில் மோதினான்" என்றீர்கள். படத்தைப் போடச் சொன்னதும் நீங்கள்தான்.

அந்தப் படச்சுருளைக் கழுவியது நான். ஈரச் சுருளிலேயே உங்கள் சக்கரம் உள்ளே வெட்டுவது தெரிந்தது. படம் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஹோலிஸின் உரிமம் போயிருக்கும். நான் சொல்லவில்லை. உங்களுக்கு முப்பது நாள் தடை. நடுவர்கள் படம் பார்த்து முடித்து விளக்கைப் போட்டதும் என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

நான் இனி வீட்டுக்கு வரலாமா, அப்பா?

வெர்னா

மேய்ன், 9 ஆகஸ்ட்

என் மகள் வெர்னாவுக்கு,

மூன்று வாரமாக லாயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக அது இருந்ததே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை, மகளே. கடிவாளத்தை வெளிப்பக்கம் இழுத்தேன்; பிராம்பிள் ஒதுங்கிவிட்டாள் என்றே நம்பினேன். வண்டியில் உட்கார்ந்தவனுக்குத் தெரிவது வால் மட்டும்தான். உன்னைப் பார்க்காமல் போனது கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

நேற்று மன்னிப்புக் கேட்க ஹோலிஸைத் தேடிப் போனேன். "கோபுரத்துல நின்னது உங்க பொண்ணாமே?" என்றான்.

"ஆமா, எம் பொண்ணுதான். அப்பன் தப்புப் பண்றதப் பாத்தும் படம் ஒரு எடத்துல ஆடிச்சா, சொல்லு" என்றேன்.

நான் ஊரெல்லாம் இதையே சொல்லித் திரிவதாக உன் அம்மா சலித்துக்கொள்கிறாள். ஞாயிறு திடல் விடுமுறைதானே, வா. பானையில் உன் பங்கு இருக்கும்.

அப்பா