டிபெண்டென்டுக்கு அப்புறம்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மாமல்லபுரத்திலிருந்து மனோகர் சாயங்காலம் போன் செய்தான். "அண்ணாத்த, டிபெண்டென்டுக்கு அப்புறம் ஆஃப் வருமா, ஆன் வருமா?"

எத்தனையோ வருடம் நாங்கள் போட்டி ஆங்கிலப் பத்திரிகைகளின் நிருபர்களாக இருந்தோம். செய்தியை ஒருவருக்கொருவர் மறைப்போம். ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின் ஆஃப், எதற்கு டு என்ற சந்தேகம் வந்தால் அவன் என்னைத்தான் கேட்பான். 'கில்டி'க்கு என்ன வரும் என்று கேட்டால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வண்டியை எடுப்பேன். "உன்னாண்ட கேட்டதே பேஜாராப் பூச்சு" என்று மறுநாள் டீக்கடையில் திட்டுவான். அடுத்த வாரமே மறுபடியும் கேட்பான்.

இன்று "ஆன்" என்றேன். கனடாவில் இருக்கும் மகனைச் சார்ந்திருப்பவன் என்று விசாவுக்கு எழுதுகிறான் என்பது புரிந்துவிட்டது.

"கனடாவுக்குப் பையன் கூப்புடுறானா?"

"இன்னும் யாராண்டயும் சொல்லல அண்ணாத்த. அங்கியே வந்து இருந்துடுன்றான். உனக்கு மட்டும் எப்டித்தான் தெரியுதோ."

சிரித்தோம். போனை வைத்துவிட்டான்.

ஆன் என்று உடனே சொல்லாமல், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கும் ஒரு தடவை கூப்பிட்டிருப்பான்.