பெண் பாவித்த வண்டி

2025 மார்ச் 4
காலையிலிருந்து தூறல். விறகு நனைந்து அடுப்பு பற்றவில்லை.

பேத்தி டிலுக்ஷி பள்ளிக்கூடம் விட்டு வந்து போனை நீட்டினாள். "அப்பாயி, நம்ம கெப் வண்டி போன்ல வந்திருக்கு!"

எங்கள் வண்டிதான். நாலு சில்லும் இழுக்கிற வண்டி. கூரையில் மடக்குக் கூடாரம், ஆறு கடக்க உயரமாய் வைத்த காற்றுக் குழாய், பின்னால் இழுத்தால் வெளியே வரும் அடுப்புப் பெட்டி, எல்லாம் தெரிந்தது. கீழே எழுத்து: 'விற்பனைக்கு. பெண் பாவித்தது. ஒரே உரிமையாளர்.'

அந்தப் பெண் நான்தான். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்த சேமலாபக் காசில் வாங்கியது. மகன் புவனேந்திரனுக்கு லீசிங் கடன் கட்டாத கெட்ட பேர். அதனால் வண்டி என் பேரில். ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேன். பிடித்ததில்லை.

விற்கப் போகிற சேதியை எனக்குப் போன் சொல்கிறது.

மார்ச் 5
மகனிடம் கேட்டேன். "சொல்லத்தாம்மா இருந்தேன்" என்றான். ரொமேனியாவில் வேலையாம். ஏஜென்ட்டுக்குக் கட்ட வேண்டுமாம். வண்டியில் வெள்ளைக்காரரைக் காட்டுக்குக் கூட்டிப் போவதில் இனி ஒன்றும் இல்லையாம்.

மருமகள் ஜீவராணி அடுப்பைப் பார்த்தபடியே, "அத்தைக்கு வண்டி மேல உள்ள பாசம் புள்ள மேல இல்ல" என்றாள்.

"வண்டி மேல இல்லடி. அதுல என் பேர் இருக்கு" என்றேன்.

மார்ச் 9
தூக்கமில்லை. எழுதிவிட்டுப் படுக்கலாம்.

ஹாலிஎலவில் கராஜ் வைத்திருக்கிற நௌபர் தம்பியும் மகனும் எட்டு மாதம் இந்த வண்டியைக் கட்டினார்கள். நான் ரொட்டி சுட்டு அனுப்பினேன். கூடாரம் பூட்டிய அன்று இவன்தான் சொன்னான், "அம்மா, முதல் பயணம் உனக்கு. தலைமன்னார்."

நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

பெரியண்ணனை அங்கேதான் கப்பல் ஏற்றினார்கள். தோட்டத்துக்கு வந்த எவனோ ஒருவன் வெறும் தாளை நீட்ட, அம்மா கைநாட்டு வைத்தாள். அரிசி கூப்பன் என்று நினைத்தாளாம். பிறகுதான் தெரிந்தது, அண்ணனை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற பட்டியலில் எழுதிவிட்டார்கள் என்று. எனக்கு அப்போது பதினாறு வயது. ஐந்தாம் வகுப்பு படித்தவள். அன்றைக்கு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் வாசித்திருப்பேன். வெறும் தாளில் வாசிக்க என்ன இருந்திருக்கும்? இருந்தாலும், "ஏன் வெறுமையாய் இருக்கு?" என்றாவது கேட்டிருப்பேன்.

அண்ணன் முகம் மறந்துவிட்டது. அந்தத் துறையையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தேன். நாலு வருடமாக வண்டி எங்கெங்கோ போனது. தலைமன்னாருக்கு மட்டும் பாதை இல்லை.

மார்ச் 12
கொழும்பிலிருந்து ரஜீவ் என்கிற ஆள் பார்க்க வந்தான். வெள்ளைச் சப்பாத்து. லயத்து வாசல் சேற்றில் கால் வைக்கத் தெரியாமல் நின்றான்.

"லேடி ஓனர் எங்க?"

என்னை நல்ல சேலை கட்டச் சொல்லிக் கூட்டி வந்து நிறுத்தினான் மகன். கண்காட்சி! ரஜீவ் சிரித்தான். "அம்மாதான் ஆத்துக்குள்ள ஓட்டினீங்களா?"

"மலைல ஏறி எறங்கினதெல்லாம் என் கால்தாங்க. வண்டி இல்ல" என்றேன்.

விலை பேசி முடித்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 14
நௌபர் தம்பி தேடி வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "அம்மா, அந்தாளு வாங்கி விக்கிறவரு. தன் பேருக்கு மாத்த மாட்டாரு. ஓபன் பேப்பர்தான் கேப்பாரு. தேதியும் இல்லாம, வாங்குறவர் பேரும் இல்லாம உங்க கையெழுத்தை மட்டும் வாங்கிட்டுப் போயிருவாரு. வச்சிராதீங்க."

"நான் வைப்பேனா தம்பி? யாருகிட்ட சொல்றீங்க?"

மகனிடம் சொல்லிவிட்டேன். பேர் மாற்றினால்தான் கையெழுத்து. "உலகமே இப்படித்தாம்மா விக்குது. ஓனர் ஒண்ணு கூடினா விலை எறங்கிரும்" என்று கத்தினான். கத்தட்டும்.

மார்ச் 16
வைத்துவிட்டேன்.

மார்ச் 17
நேற்று எழுத மனம் வரவில்லை. இன்று எழுதத்தான் வேண்டும்.

ரஜீவ் தாள்களோடு வந்தான். "வெறும் தாள்ல நான் வைக்கிறதில்லைங்க" என்றேன். அவன் கோபப்படவில்லை. "நியாயம்தாம்மா. கைநாட்டு வைக்கிற ஆளுன்னா நானே வாங்க மாட்டேன். நீங்க படிச்சவங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சிச்சு. டீச்சரா இருந்தீங்களா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஜீவராணி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பேனா என் கையில் இருந்தது. வீ. இராக்கம்மா. ஓர் எழுத்தும் கோணவில்லை. "ஆகா, என்ன அழகு! இங்கேயும் ஒண்ணு" என்றான். இரண்டாவதை இன்னும் அழகாக வைத்தேன். சீ.

அம்மா அரிசிக்காகக் கைநாட்டு வைத்தாள். நான் எதுக்கு வச்சேன்? ஒரு 'டீச்சர்'க்கு.

வண்டி வளைவில் திரும்பும்போது கூடாரம் மட்டும் தேயிலைக்கு மேலே தெரிந்தது.

மே 2
மகன் போய்விட்டான். காலில் விழுந்தான். "வந்ததும் தலைமன்னார் போவோம்மா" என்றான். "எதில்?" என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 20
வாசலில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. மழைக்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 19
பொலிஸ்காரர் வந்து ஒரு கடிதம் கொடுத்தார். தமிழில் இருந்ததால் நானே வாசித்தேன். மூன்று தடவை.

வண்டி மன்னாரில் பிடிபட்டிருக்கிறது. அடுப்புப் பெட்டிக்குள் பீடி இலை மூட்டை, கடல் வழியாகக் கடத்தி வந்தது. ஓட்டியவன் ஓடிவிட்டான். பதிவில் உள்ள உரிமையாளர் கோர்ட்டுக்கு வர வேண்டும்: வீரய்யா இராக்கம்மா, நமுனுகுல.

லயம் முழுக்கப் பார்த்தது. ஜீவராணி பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது குத்திப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகஸ்ட் 20
ரஜீவின் போன் வேலை செய்யவில்லை. மகனுக்கு எடுத்தேன். "ஐயோ அம்மா, யாருக்கும் இப்படி நடக்கிறதில்லையே" என்றான். பிறகு, "வேல நேரம்மா, வச்சிர்றேன்."

செப்டம்பர் 11, மன்னார்
நௌபர் தம்பி கூட வந்தார். கராஜைப் பூட்டிவிட்டு வந்தார். "சொன்னேனே" என்று வழியில் ஒரு தடவையும் சொல்லவில்லை. அநுராதபுரம் வரை ஒரு பஸ், பிறகு இன்னொன்று. ராத்திரி முழுக்க இருந்த இருப்பில் கால் வீங்கிவிட்டது.

வண்டி கோர்ட் வாசலில் வெயிலில் நிற்கிறது. கூடாரம் கிழிந்து தொங்குகிறது. தம்பி, தான் ஒட்டவைத்த இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வித்துட்டேங்க ஐயா" என்றேன்.

"யாருக்கு? தாள் இருக்கா?" என்றார் கோர்ட்டில் எழுதுகிறவர். என்னிடம் என்ன தாள் இருக்கும்? எல்லாத் தாளும் அவனிடம். அவர் முகத்தில் கோபமில்லை, சலிப்புத்தான். "வண்டி உங்க பேர்ல இருக்கு அம்மா." பிறகு, வழக்குக்கு வருவேன் என்று எழுதிய தாளையும் மைப்பெட்டியையும் என் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்தா, கைநாட்டா?"

"கையெழுத்து" என்றேன். மெதுவாகத்தான் வந்தது குரல்.

முதலில் வாசித்தேன். எழுத்துக் கூட்டி, எல்லா வரியும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும். வெறுமையாக ஓர் இடமும் இல்லை. பிறகு வைத்தேன். கோணியது.

வெளியே தம்பி இளநீர் வாங்கித் தந்தார். "தலைமன்னார் இங்கேருந்து ஒரு மணித்தியாலம்தாம்மா. பஸ் இருக்கு. பாத்துட்டே போயிருவமா?"

வழக்கின் அடுத்த தவணை நவம்பரில். அதற்குப் பிறகும் இருக்குமாம்.

"அவசரமில்ல தம்பி" என்றேன். "இனி நான் இங்க அடிக்கடி வருவேன்."