போஸ்டரில் இருந்த காளை

அன்பு மகள் அராசெலிக்கு, அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, ஓஸ்லோக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிப்பாயோ மாட்டாயோ, அம்மா சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

திருவிழா முடிந்தது. ஊரெல்லாம் நீ வரைந்த போஸ்டர் பேச்சுதான். எப்போதும் காளையோடு மோதிக் கொல்லும் மத்தாதோரும் அவன் சிவப்புத் துணியும்தானே இருக்கும், இதென்ன வெறும் காளை முகம் என்று எங்கள் காளைச் சண்டை ரசிகர் சங்கத்தில் முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் காளைச் சண்டைக்குப் போகிறவர்களும், அதைத் தடை செய் என்று களத்து வாசலில் கத்துகிறவர்களும் ஒரே படத்தைப் பால்கனியில் தொங்கவிட்டது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் பண்ணைக்கார ஃபெர்மினிடம் போய், நீ பார்த்து வரைந்த அதே காளை கனெலோவை இந்த வருடம் களத்துக்கு அனுப்பச் சொன்னேன். யோவ் எவாரிஸ்தோ, அது இன்னும் ஒரு வருஷம் மேயட்டுமேய்யா, உன் பொண்ணுகிட்ட கேட்டியா என்று அவன்கூடக் கேட்டான். அவளுக்கு இதைவிட என்னடா மரியாதை வேணும் என்றேன் நான். நீ போனில் கனெலோவை விசாரித்தாயே, நன்றாக மேய்கிறது என்றேனே, அப்போதே அதை லாரியில் ஏற்றியாகிவிட்டது.

மத்தாதோர், இந்தக் காளை படம் வரைந்தவளின் அப்பாவுக்குக் காணிக்கை என்று தன் தொப்பியை என்னிடம் வீசினான். சந்தோஷமாகத்தான் பிடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கனெலோ மணலில் நின்று எங்களைப் பார்த்தது. நீ வரைந்த அதே பார்வை. அதை வீரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பாவம், எங்கே வந்திருக்கிறோம் என்று அதற்கு ஒன்றுமே புரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் வாள் பாய்ந்து எல்லாம் முடிந்து, அவனுக்குப் பரிசு கேட்டுச் சுற்றிலும் வெள்ளைக் கைக்குட்டைகள் ஆடின, வழக்கம்போல அதன் காதை அறுத்து அவனுக்குப் பரிசு கொடுத்தார்கள், அவன் அதை என் கையில் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்துவிட்டு, உங்க பொண்ணுக்குப் பார்சல் பண்ணி அனுப்புங்க, செவுத்துல மாட்டிக்கட்டும் என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மாலைச் சண்டைக்குப் போனபோது, வாசலில் கத்துகிறவர்கள் நடுவில் அம்மா உன் போஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சங்கத்துக்காரர்களோடு வரிசையில் இருந்தேன். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனேன். உள்ளேதான் போனேன், மகளே.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காப்பாளாக. கிறிஸ்துமஸுக்கு வந்து என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாவிட்டாலும் சரி, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா எவாரிஸ்தோ