மழைக்கோட்டில் போட்ட தையல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கிரேன் மேல் ஏறி உட்கார்ந்தால் பசியே தெரியவில்லை என்று வயிற்றைக் காயப்போடுகிறாயா? போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. போனில் நான் ஆரம்பித்தாலே நீ பேச்சை மாற்றிவிடுவாய். பிள்ளைகளும் பக்கத்தில் நிற்பார்கள்.

உன் பார்சல் பத்து நாளுக்கு முன்பு வந்தது. இந்த லீவுக்கு நீயே வந்து பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கேம்ப் கூட்டிப்போகிறேன் என்றாய். நீ வரவில்லை, பெட்டி வந்தது. பெட்டியைக் குறை சொல்லமாட்டேன். பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். நெற்றியில் மாட்டும் விளக்கு, ஆளுக்கொரு விசில், கைக்கு அடக்கமான அடுப்பு, மூன்று பேர் படுக்கிற கூடாரம், எல்லாம் தரமான சாமான். கடைக்காரரைக் கேள்வி கேட்டே ஒருவழி பண்ணியிருப்பாய் என்று சிரித்துக்கொண்டேன். மூன்றாவது ஆளாக நினைத்தது உன்னையா, என்னையா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். என் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவளுக்கு ஷூ பாதிக் காலோடு சரி. ஸ்லீப்பிங் பேக் நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. மழைக்கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சின்னவனுக்கு எதுவுமே நுழையவில்லை. எல்லாம் நீ போனபோது இருந்த அளவு. அவளுக்கு அப்போது எட்டு வயது, இப்போது பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு முகம் மட்டும்தான் தெரிகிறது. கால் வளர்ந்தது எப்படித் தெரியும்? நீ கேட்டபோது, "எல்லாம் கரெக்டா இருக்குப்பா" என்றாளே, அது பொய்.

தெருவுக்கே அளவெடுத்துத் தைக்கிறவள், நான் விடுவேனா? ஸ்லீப்பிங் பேக்கின் கால் பக்கத்தைப் பிரித்துப் பழைய போர்வையை ஒட்டுப் போட்டேன். பெரியவள் மழைக்கோட்டின் தோளைப் பிரித்து, குடைத்துணியை வெட்டி நடுவில் கொடுத்து, மெஷினில் இரட்டைத் தையல் ஓட்டினேன். சின்னவனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மழைக்கோட்டு இரவல் வாங்கினேன். ஷூவைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உனக்குப் பதிலாக நானே கூட்டிப்போனேன். கம்பியை எங்கே செருகுவது, கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தேன். பெரியவள்தான் பெட்டியில் இருந்த தாளைப் படித்துப் படித்துக் கூடாரத்தை நிமிர்த்தினாள். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் சின்னவனிடம், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். "பார்சல் அனுப்புற வேலை" என்றான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்று நான் திருத்தினேன். அவன் என்னை ஏதோ பொய் சொல்கிறவளைப் போலப் பார்த்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. முப்பது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், ஆனாலும் எனக்கு ஒன்று உறைக்காமல் போய்விட்டது தம்பி. தண்ணீர் புகாத துணியில் ஊசி இறங்கின இடமெல்லாம் ஓட்டைதானே? நான் இரட்டையாகப் போட்ட தையல் நெடுகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பெரியவள் தோளெல்லாம் நனைந்து, உதடு நடுங்க நின்றாள். உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டியபடியே, ஏன்டி சொல்லித் தொலைக்கவில்லை என்று கத்திவிட்டேன். இனிமேல் மறைக்கப்போவதில்லை, சரியான அளவை உங்கள் அப்பாவுக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை. சொன்னா பெரிய சைஸ்ல இன்னொரு பார்சல் அனுப்பிடுவாரு. அவரு வரமாட்டாரு" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு லீவை நீயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய் என்பது உன்னோடு வேலை பார்ப்பவர் சொல்லி எனக்குத் தெரியும். கோபமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, கோபம்தான். உன் பெண்டாட்டி கண்ணை மூடிய பிறகு, அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். அன்றைக்கு உன்னைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய அலமாரியைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் நானும் அவள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் நீ இருக்க முடியாது என்ற அதே வீட்டில்தான் உன் பிள்ளைகள் மூன்று வருஷமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆகவே என்னிடம் அளவு கேட்காதே. எழுதமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு வா. வாசலில் அவளைப் பார்த்ததும் யார் என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாலும் பரவாயில்லை, அவள் பொறுத்துக்கொள்வாள். இன்னும் ஒரு வருஷம் போனால் பொறுத்துக்கொள்ள மாட்டாள். அப்போது நீ அனுப்பும் பார்சலே உண்மையிலேயே போதும் என்று அவளுக்கு ஆகிவிடும். அந்த நாளை நான் பார்க்கக் கூடாது.

உனக்கு ஒரு குறையும் வராது. நல்லபடியாக வீடு வந்து சேர்.

உன் அக்கா