தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் விண்ணப்பம்

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு ஆசிரியை,
அரசு தொடக்கப் பள்ளி,
மருத்துவ நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் மருத்துவ நிலைய மருத்துவருடன் பணியாற்றும் செவிலியர், இயன்முறை மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகிய மூவரையும் திரும்ப அழைக்கும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவ நிலையக் கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

1. மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியதற்கும் குடிநீர்க் குழாய் உடைந்ததற்கும் நான்தான் எழுதினேன். சக ஆசிரியர்கள் எனக்கு ‘மனு டீச்சர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மனுவுக்காக உட்கார்ந்ததும் எழுந்து போய்த் துணி மடித்தேன். மறுபடி உட்கார்ந்ததும் அடுப்படியைத் துடைத்தேன். காரணம் வெட்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது மனுவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

2. மேற்படி மூவரின் சேவை தேவை என்று பொதுமக்களிடமிருந்து எழுத்துபூர்வமான கோரிக்கை ஒன்றுகூட வராததால், இம்மாதக் கடைசியுடன் அவர்கள் திரும்பப் பெறப்படுவார்கள் என்று தங்கள் அறிவிப்பு கூறுகிறது. கோரிக்கை வரவில்லை என்பது உண்மை. தேவை இல்லை என்பது உண்மையல்ல. ஏன் வரவில்லை என்பதை விளக்க, என்னுடைய சொந்த விஷயம் ஒன்றைத் தங்கள் மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

3. என் இளைய மகள் பிறந்ததிலிருந்து, தும்மினாலோ இருமினாலோ சிரித்தாலோ எனக்குச் சிறுநீர் கசிகிறது. மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இத்தனை வருடமும் இந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதியதும் இல்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் உடுத்துவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தால் திரும்பிப் பார்க்காமல் நகர்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே சிரிப்பு வரும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘சிரிக்காத டீச்சர்’. போன வருடம் ஒரு மாணவியின் தாயார், “எம் பொண்ணு உங்களைப் பாத்தாலே பயப்படுறா டீச்சர்” என்றார். அந்த மாணவிதான் வகுப்பிலேயே அதிகமாக என்னைச் சிரிக்க வைக்கக் கூடியவள். அதைச் சொல்ல முடியாமல், கண்டிப்பாக இருந்தால்தான் படிப்பு ஏறும் என்று பேசி அனுப்பிவிட்டேன். அன்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

4. மருத்துவரிடம் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். எங்கள் மருத்துவர் தங்கமான மனிதர். ஆனால் கட்டுப் பிரிப்பதும் அவர்தான், குழந்தையை எடை பார்ப்பதும் அவர்தான், தொலைபேசியை எடுப்பதும் மருத்துவச் சான்றிதழ் எழுதுவதும் அவர்தான். நான் அவர் முன் உட்காரும்போதே அடுத்தவர் ஒரு காலை உள்ளே வைத்திருப்பார். கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. “சொல்லுங்க டீச்சர், என்ன செய்யுது?” என்பார். என் முன்னாள் மாணவனின் அப்பா கதவோரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது? தலைவலி என்று சொல்லிவிடுவேன். அவரும் பாவம், நம்பி மாத்திரை எழுதிக் கொடுப்பார். வலி குறையவில்லை என்றதும் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். இதை எழுதும்போது நான் போட்டிருக்கும் கண்ணாடி அப்படி வந்ததுதான். இது இல்லாமலே எனக்கு நன்றாகத் தெரியும். வாங்கிவிட்டதால் போட்டுக்கொள்கிறேன்.

5. பிறகு அந்த மூவரும் வந்தார்கள். பழைய கட்டில்கள் அடைந்து கிடந்த பின்கட்டைக் காலி செய்து, தடுப்பு வைத்து, அவரவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். எல்லா அறைக்கும் கதவு உண்டு. நான் வழக்கம்போலத் தலைவலி என்றேன். செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார். பட்டையை அவிழ்த்துக்கொண்டே, ஊர் பேர் கேட்கிற மாதிரி, “தும்முனா, சிரிச்சா யூரின் கசியுதாக்கா?” என்று கேட்டார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “குழந்தை பெத்த எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். நிறையப் பேருக்கு இருக்கு. பயிற்சி செஞ்சா பெரும்பாலும் குறையும்” என்றார். எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். அழுது முடிக்கும் வரை அவசரப்படுத்தவில்லை.

6. இயன்முறை மருத்துவர் இடுப்புக்கு அடியிலுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து வருகிறார். இப்போது தும்மலைச் சமாளிக்கிறேன். சிரிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. பாதி வழியில் விட்டால் பழையபடி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

7. என் சம்மதத்துடன் செவிலியர் விஷயத்தை மருத்துவரிடம் தெரிவித்தார். அவர் என்னை உட்கார வைத்து, “நான் கேட்டிருக்கணும் டீச்சர். கேக்க நேரம் இல்லன்னு சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு” என்றார். பொய் சொன்னது நான், தலை குனிந்தது அவர். அந்த நாற்காலியில் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மூவரும் வந்த பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அவர்கள் போய்விட்டால் தன்னால் இனித் தனியாக இழுக்க முடியாது என்றும் வேலையை விட்டுவிடப்போவதாகவும் சொல்லிவிட்டார். மிரட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அவரும் போனால் எங்கள் தெருக்களுக்கு வேறு மருத்துவர் கிடையாது.

8. கூட்டு மனுவாக அனுப்பலாம் என்று கையெழுத்துக்கு அலைந்தேன். ஒரு பெண்மணி பேனாவை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திருப்பித் தந்தார். மனநல ஆலோசகரின் அறையிலிருந்து வெளியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நான் எதுவும் கேட்காமலே, எடை பார்க்க வந்ததாகச் சொன்னார். அந்த அறையில் எடைக் கருவி இல்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கால் உடைந்தவர் மனு எழுதுவார். எங்களுக்கு வந்திருப்பவை எழுத்தில் வைக்கக் கூடிய நோய்கள் அல்ல. எழுதிக் கேட்கவில்லையே என்று எங்களிடமிருந்து இவர்களைப் பிரிப்பது நியாயமாகாது.

9. ஆகவே, மூவரையும் நிரந்தரமாக இங்கேயே பணியமர்த்தவும், தொலைபேசிக்கும் சான்றிதழ் வேலைக்கும் ஓர் உதவியாளரைத் தந்து மருத்துவரின் சுமையைக் குறைக்கவும், அறைகளின் கதவுகளை எக்காரணம் கொண்டும் கழற்றாதிருக்கவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. இறுதியாக, மனுவோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு வேண்டுகோள். பதிவெண் இல்லாத மனு கணக்கில் வராது என்று அறிவிப்பில் உள்ளது. தங்கள் அலுவலகத்தில் தபால்களைப் பிரித்துப் படித்து, முத்திரை குத்திப் பதிவெண் போடும் எழுத்தர் என் கணவர். ஆகவே தங்களுக்கு முன்பே இதை அவர் படித்திருப்பார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. பல வருடங்களாக நான் மகள்களின் அறையில் படுக்கிறேன். அவருடைய குறட்டைதான் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் குறட்டை விடுபவரல்ல. தன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே கேட்டதில்லை, மரியாதை தெரிந்த மனிதர். நேரில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை எதிரே போய் நின்றிருக்கிறேன். ‘சாப்பாடு ஆறுது, வாங்க’ என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வந்ததில்லை. இந்த மனு தங்கள் மேசைக்கு வரும் நாளில் அவர் அரை நாள் விடுப்புக் கேட்டால், காரணம் கேட்காமல் தயவுசெய்து அனுமதிக்கவும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

வெட்கத்துடனும் நம்பிக்கையுடனும்,

(ஒப்பம்)
இரண்டாம் வகுப்பு ஆசிரியை

இடம்: வீடு
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி